காலிக் கட்டம்

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்து சொல்லச் சொன்னார்கள்.
மூன்று மென்பொருள்கள், ஒரு பனியாறு.
பிஷ்கெக்கில் மூன்றாம் மாடி,
வெந்நீர்க் குழாய் இருமும் அறை.
ஒரே அட்டவணையை மூன்றுக்கும் ஊட்டினேன்:
ஆண்டு, கழி எண்,
உருகிய பனி சென்டிமீட்டரில்.

முதலாவது பணக்கார வீட்டுப் பிள்ளை.
சந்தா டாலரில்.
கேட்கும் முன்பே நிழல் போடும், முனைகளை மழுக்கும்,
அமைச்சகத்துக்குப் பிடித்த நீலம் அதற்குத் தெரியும்.
அச்சை மட்டும் எங்கேயோ நடுவில் தொடங்கி
ஒரு சாண் உருகலை மலைச்சரிவாக்கிவிடும்.
திட்டினால் திருத்திக்கொள்ளும்.

இரண்டாவது எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருப்பது,
கணக்காளர் தாலாய்பெக் சம்பளப் பட்டியல் போடுவது.
வட்டப்படம் வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டது.
பனியாறு என்ன தர்ப்பூசணியா,
கீறிக் கொடுக்க?

மூன்றாவது இலவசம்.
பொத்தான் கிடையாது, எழுதினால்தான் வரையும்.
ஒரு காற்புள்ளி தவறினால் நாற்பது வரி வசவு.
கிர்கிஸ் எழுத்து சிலவற்றைக் கண்டால்
வெறும் சதுரமாக்கிவிடும்.
என் பெயரில் அப்படி இரண்டு.
‘வரைந்தவர்’ என்ற இடத்தில்
இரண்டு ஜன்னல் வைத்த வீடாக நின்றேன்.

மூன்று படங்களையும் அருகருகே வைத்தபோதுதான் பார்த்தேன்:
தொண்ணூற்றெட்டிலிருந்து பதினோரு வருடம்
அட்டவணையில் ஒன்றுமில்லை.
எனக்குத் தெரிந்ததுதான்.
ஆனாலும் பார்த்தேன்.

முதலாவது ஒரு நேர்கோடு இழுத்து
இக்கரையை அக்கரையோடு சேர்த்திருந்தது,
காற்றே படாத கயிற்றுப்பாலம்.
இரண்டாவது தடாலெனச் சுழியத்தில் விழுந்து
பதினோரு வருடம் தரையில் தவழ்ந்து எழுந்தது.
பனி உருகவே இல்லையாம்.
மூன்றாவது கோட்டை நிறுத்தியது.
வெள்ளை விட்டது.
பிறகு மறுபடி தொடங்கியது.

அந்த வெள்ளையில் நான் இருந்தேன்.
தோர்தோய் சந்தையில், சரக்குப் பெட்டகம் ஒன்றின் வாசலில்,
பக்கவாட்டில் கோடு ஓடும் விளையாட்டுக் காற்சட்டை விற்றுக்கொண்டு.
நிலையத்து லாரிக்கு டீசல் இல்லை.
சம்பளத்துக்குப் பதில் ஒரு மாதம் மாவுமூட்டை,
ஒரு மாதம் கையெழுத்து மட்டும்.
மேலே கழிகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்திருக்கும்,
எது எந்தக் கோடையில் என்று சொல்ல ஆளில்லை.
டிசம்பரில் சந்தையில் கால் விறைக்கும்போது
அங்கே எத்தனை பாகை என்று
மனசுக்குள் கணக்குப் போட்டதுண்டு.
அதையெல்லாம் கட்டத்தில் எழுத முடியாது.

எர்மெக் எட்டிப்பார்த்தான்,
வெள்ளை தொடங்கிய வருடம் பிறந்தவன்.
“முதலாவது அழகா இருக்கு, உம்சுனாய்.
கோடு அறுந்தா அமைச்சர் கேள்வி கேட்பார்.”
“கேட்கட்டுமே.”
குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.
அவன் தேநீர் போடப் போனான்.

சாயங்காலம் பொறுமையாகத் தோண்டினேன்.
முதலாவதில், நான்கு கதவு தாண்டி,
ஒரு சின்னப் பெட்டி: ‘இடைவெளிகளை இணை’.
யாரோ எனக்கு முன்பே அதில் குறியிட்டு வைத்திருந்தார்கள்.
எடுத்தேன்.
பாலம் சத்தமில்லாமல் போயிற்று.
இரண்டாவதிலும் உண்டு அப்படி ஒரு பெட்டி,
இன்னும் ஆழத்தில்.
ஆக, மூன்றுக்கும் தெரிந்திருக்கிறது.
கேட்காதபோது என்ன செய்யும்,
அதைத்தான் நான் எழுத வேண்டும்.

விலை, வேகம், நிறம், எழுத்துரு:
நான்கு பத்தி கேட்டிருந்தார்கள்.
ஐந்தாவது ஒன்று நானாகச் சேர்த்தேன்,
‘தெரியாததை என்ன செய்கிறது’.
கட்டுகிறது.
விழுகிறது.
நிற்கிறது.

பரிந்துரை மூன்றாவது.
அடியில் என் பெயர், இரண்டு சதுரங்களோடு.
எர்மெக் சரியான எழுத்துரு தேடிக்கொண்டிருக்கிறான்.
அவசரமில்லை என்றேன்,
தேநீர் ஆறிப்போகுது, முதல்ல குடி.